பழகிடும் என்றேன், அது பொய்

மகனே,

நீ புறப்பட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இதற்குள் நான்கு முறை உனக்கு எழுத உட்கார்ந்து நான்கையும் கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள் என்று எழுதினேன். இரண்டாவதிலும் அதையேதான் எழுதினேன், கொஞ்சம் நல்ல கையெழுத்தில். மூன்றாவதில் பாதி வந்ததும் எழுந்து தெருவில் நடக்கப் போய்விட்டேன். நான்காவதை உன் அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். அதையும் கிழித்தேன். அதனால் இது ஐந்தாவது. எழுபது வயதாகிவிட்டது. எழுத்து கோணலாக வருகிறது. உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவும் முடியவில்லை. பொறுத்துக்கொண்டு படி.

ஒரு மாத விடுப்பில் வந்த நீ பத்தொன்பதாம் நாளே கிளம்பிவிட்டாய். பட்டாள முகாமிலிருந்து கூப்பிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாய். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதும், என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்தான் உன்னை அனுப்பிவைத்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் காலை உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா மீன் வாங்கப் போயிருந்தாள். நீ வழக்கம்போல நெல்லித்தோப்பிலிருந்து கடற்கரை வரைக்கும் நடந்துவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து வந்து நின்றாய். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை, சுவரில் முதுகைக் கொடுத்து நின்றாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"பப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுடா."

"அந்த மூணு பேரு... அதுக்கப்புறம் உங்களுக்கு எப்ப சரியாச்சு?"

எந்த மூன்று பேர் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் அதைக் கேட்க வேண்டியதில்லை. பேப்பரைக் கீழே வைக்காமலே உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"காவல்ல இருக்கும்போது ஒரு வண்டி நிக்கல பப்பா. கை காட்டுனோம், வானத்தப் பாத்து சுட்டோம், நிக்கல. நேரா வந்துச்சு. நான்தான் சுட்டேன். உள்ள ஓட்டுனவன் மட்டுந்தான் இருந்தான். துப்பாக்கி, குண்டு ஒண்ணும் இல்ல. ஏன் நிக்கலன்னு யாருக்கும் தெரியல. விசாரிச்சாங்க, நான் பண்ணது சரின்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தப் பேப்பர பையிலயே வெச்சிருக்கேன். எத்தன தடவ படிச்சாலும் அந்த ஆளு அதுல இல்ல பப்பா."

இத்தனை வருடத்தில் நீ என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அதற்கு நான், "பழகிடும்டா. எல்லாருக்கும் பழகிடும்" என்றேன். சொல்லிவிட்டுப் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ லேசாகச் சிரித்து, "சரி பப்பா" என்றாய். மதியமே டிக்கெட்டை மாற்றிவிட்டு வந்தாய்.

பழகவில்லை மகனே. எனக்குப் பழகவே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் அந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்படி மூன்று பேர் இருந்ததே இல்லை.

அந்தக் கதை பிறந்த நாளைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கப்பலேறிய நான், அல்ஜீரியாவில் மூன்று வருடம் இருந்துவிட்டு முதல் விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டில் பெரிய விருந்து. பட்டாளத்துச் சொல்தா வந்திருக்கிறான் என்று தெருவே கூடியிருந்தது. பந்தியின் நடுவில் என் பெரியப்பா, கையில் கறித்துண்டோடு, "டேய், எத்தன பேர போட்ட?" என்று கேட்டார். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அந்தச் சமயத்தில் கதவோரம் நின்றிருந்த என் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "மூணு பேரு, பெரியப்பா. ஒரே குண்டு" என்றேன். பிறகு எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து சேர்ந்தது. குண்டு வெடித்ததில் மிரண்டு ஓடிய ஆடு எங்கள் அதிகாரியின் கூடாரத்துக்குள் புகுந்து, அவர் அரைக்கால் சட்டையோடு வெளியே ஓடிவந்தார் என்று சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் சிரித்தவள் என் அம்மாதான். அவள் சிரித்ததும் பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தக் கதை என்னைவிட நன்றாக வாழ்ந்தது. வருடா வருடம் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைத்துவிட்டு, ரெட்டியார்பாளையத்தில் பழைய சொல்தா லூர்து மாமா வீட்டில் கூடுவோமே, அங்கே அந்தக் கதை இல்லாமல் பாட்டில் திறந்ததில்லை. ஏழு வயதில் உனக்கு அது மனப்பாடம். நான் எங்காவது ஒரு வரியை விட்டால் நீ எடுத்துக்கொடுப்பாய். ஆடு கத்துகிற இடம் வந்ததும் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நீ "மே..." என்று கத்துவாய், லூர்து மாமா தொடையைத் தட்டிச் சிரிப்பார். இருபது வயதில் படையில் சேர்வதற்கான தாளை நீ என் முன்னால் நீட்டியபோது நான் தடுக்கவில்லை. பெருமையாகக் கையெழுத்துக்குப் பேனா எடுத்துக் கொடுத்தேன். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "ஆட்டுக் கதை மாதிரி ஒரு கதையோட வரேன் பப்பா" என்றாய். நான் சிரித்துக்கொண்டே கை ஆட்டினேன். உன்னை அனுப்பியது பிரான்சு தேசம் இல்லை மகனே. அப்பன் சொன்ன பொய்.

இந்த வரியை எழுதிவிட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலைச்சரிவில் ஒரு பாதையைக் காவல் காக்க எங்களில் ஆறு பேரை வைத்திருந்தார்கள். பாறையும் முட்புதரும்தான், மரம் கிடையாது. நடுப்பகல். பாதையில் ஒருவன் தோளில் துப்பாக்கியோடு ஏறி வந்தான். அவன் என்னைப் பார்த்ததும் நான் அவனைப் பார்த்ததும் ஒரே சமயத்தில். இரண்டு பேரும் துப்பாக்கியை எடுத்தோம், என்னுடையது முந்திக்கொண்டது. அவ்வளவுதான். இதில் தப்பு எதுவும் இல்லை என்று யாரும் எனக்கு எழுதித் தர வேண்டியதில்லை. அவனுடையது முந்தியிருந்தால் நீயும் இல்லை, உன் அக்காவும் இல்லை. இதை எனக்கு நானே எத்தனை ஆயிரம் முறை சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

அவனுக்கு வயிற்றில் பட்டது. விழுந்தவன் சாகவில்லை. என்னிடமிருந்து பதினைந்து அடி கீழே, ஒரு பாறையில் சாய்ந்தபடி கிடந்தான். துப்பாக்கி அவன் கைக்கு எட்டாத தூரத்தில் விழுந்துவிட்டது. எதிர்ச்சரிவிலிருந்து அவனுடைய ஆட்கள் சுட ஆரம்பித்தார்கள். உதவி வரும்வரை யாரும் இடத்தைவிட்டு அசையக்கூடாது என்றார் எங்கள் சார்ஜென்ட். அப்படியே கிடந்தோம், நான் இங்கே, அவன் அங்கே, பொழுது சாயும்வரை. அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை. ஒரு கால் செருப்பு அறுந்துபோய் அதைக் கம்பியால் கட்டியிருந்தான். அந்தக் கம்பியை எத்தனை சுற்று சுற்றியிருந்தான் என்பதுகூட எனக்குத் தெரியும், ஐந்து. வேறு எதையும் பார்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் கூப்பிட ஆரம்பித்தான். "மா... மா..." என்றான். நான் தமிழன்தானே, என் காதில் அது அம்மா என்றுதான் விழுந்தது. எல்லா ஊரிலும் சாகிறவன் அம்மாவைத்தான் கூப்பிடுவான் போலிருக்கிறது என்று நினைத்தேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். திட்டுகிறான் என்று நினைத்தேன். வெயில் நெற்றிப் பொட்டைப் பிளந்தது. என் இடுப்பில் தண்ணீர்ப் புட்டி நிறைய இருந்தது. அதைத் திறந்து குடித்தேன். நான் குடிப்பதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நிழல் பாறையைத் தாண்டியபோது அவன் குரல் நின்றிருந்தது. உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். சார்ஜென்ட் என் முதுகில் தட்டினார். இடத்தைவிட்டு அசையாமல் நின்றதற்காக ஒரு மெடல் தந்தார்கள். ஜூலை பதினாலுக்கு நான் குத்திக்கொள்வது அதைத்தான்.

நாலு மாதம் கழித்து முகாம் சமையற்கட்டில் அந்த நாட்டுக்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். என்னிடம் காலி வாளியைக் காட்டி, "எல் மா, எல் மா" என்றார். என்ன கேட்கிறார் என்று புரியாமல் நின்றேன். குழாயைக் காட்டினார். தண்ணீர். அப்படியானால் அம்மாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று சைகையும் பிரெஞ்சுமாகக் கேட்டேன். "எம்மா" என்றார். இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். பத்து முறை சொல்லியிருப்பார். பிறகு எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவன் கேட்டது தண்ணீரா, கூப்பிட்டது அம்மாவையா? நாற்பத்தெட்டு வருடமாக அந்தக் குரலைக் காதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் தண்ணீர் என்று கேட்கிறது, ஒரு நாள் அம்மா என்று கேட்கிறது. புட்டியை உருட்டிவிட்டிருந்தால் அவன் கைக்கே போயிருக்கும், சரிவு அப்படி. சுட்டதை நான் தாங்கிக்கொண்டேன். தண்ணீர் குடித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நம் வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும் நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவேன் என்று நீயும் உன் அக்காவும் கேலி செய்வீர்களே. விருந்தாளிகள் முன்னால் வேண்டுமென்றே "பப்பா, தண்ணி" என்று கத்திவிட்டு, நான் சொம்போடு ஓடி வருவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நானும் உங்களோடு சிரித்திருக்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. உனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு மதியம், தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்ப என் காலைத் தொட்டாய். கண் திறப்பதற்குள் உன் கழுத்தை என் கை பிடித்துவிட்டது. எத்தனை விநாடி என்று தெரியாது. அம்மா வந்து விரல் விரலாகப் பிரித்தாள். நீ அழவில்லை, என் கண்ணையே பார்த்தாய். அதன் பிறகு என்னை எழுப்ப வேண்டுமென்றால் வாசற்படியில் நின்று குரல் கொடுப்பது நம் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த முறை வந்திறங்கிய அன்றே நீ அம்மாவிடம், "என்ன எழுப்பணும்னா தூரமா நின்னு கூப்புடும்மா" என்று சொன்னாயாமே. அவள் என்னிடம் சொன்னபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டு குருசுக்குப்பம் வரைக்கும் நடந்துபோய்விட்டேன். மகனுக்குச் சொத்தாக இதையா கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நீ போன மறுநாள் அம்மா என்னிடம் இன்னொன்று சொன்னாள். அக்கா மகள், மூன்று வயதுக் குழந்தை, மாமா என்று ஓடிவந்து உன் மடியில் ஏறப் பார்த்தாளாம். நீ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாயாம், கையில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறமாதிரி. குழந்தை விளையாட்டு என்று நினைத்துத் தானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாளாம்.

"பாத்துட்டே இருந்தேன்," என்றாள் அம்மா. "நீங்க அவனத் தொடாம நாப்பது நாளு இருந்தீங்களே, அதேமாதிரி இருந்துச்சு."

நீ பிறந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. உன் அக்கா பிறந்ததும் ஓடிப்போய்த் தூக்கியவன் நான். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஆயம்மா உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "ஆம்பளப் புள்ள! சொல்தா வீட்டுக்கு இன்னொரு சொல்தா!" என்று நீட்டினாள். என் கை மேலே வரவில்லை. அந்தப் பாறையில் கிடந்தவனையும் இப்படித்தானே ஒருத்தி பெற்று யாரோ ஒருவர் கையில் கொடுத்திருப்பாள் என்று தோன்றிவிட்டது. எனக்குச் சளி பிடித்திருக்கிறது, குழந்தைக்கு ஆகாது என்று சொன்னேன். அந்தச் சளி நாற்பது நாள் இருந்தது.

அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் முதல் முறை. அவள் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. செருப்பில் கட்டிய கம்பி, புட்டி, மா என்ற குரல், எல்லாம் சொல்லி முடித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அருவாமனையிலிருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இதுக்கா? இதுக்கா நாப்பது நாளு?" என்றாள். "எம்மேல உங்களுக்குச் சந்தேகம்னு நெனச்சுட்டு இருந்தேன். பொண்ணத் தூக்குனாரு, பையனத் தூக்கல, யாரு என்னா சொன்னாங்களோன்னு. இருபத்தேழு வருசமா நெனச்சுட்டு இருந்தேன்."

நான் ஒருவனைக் கொன்றதற்கு, அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒருத்தி என் சமையலறையில் இருபத்தேழு வருடம் தண்டனை அனுபவித்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நம்மோடு போய்விடும் என்று நாம் நினைக்கிறோம் மகனே. அது போவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் காரணம் தெரியாமல் தங்களுக்குத் தெரிந்த காரணத்தை வைத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு எதிரில் நீ கையைத் தூக்கியதற்கு உன் அக்கா என்ன காரணம் வைத்திருக்கிறாள் தெரியுமா? வெளிநாடு போனதும் தம்பிக்கு நம்மைக் கண்டால் ஏளனமாகிவிட்டது என்று. அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ரெட்டியார்பாளையம் போனேன். லூர்து மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் முட்டி வலியால் எழுவதில்லை. நான் நின்றபடியே சொன்னேன், அந்த மூன்று பேர் கதை பொய் என்று. அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமேடா."

"எப்படி?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? இந்தோசீனாவுல வாய்க்கா தாண்டும்போது எரும மிரண்டு ஓடுச்சுன்னு நான் சொல்வேன்ல? ஒன் கதைல ஆடு, என் கதைல எரும. அவ்ளோதான் வித்தியாசம்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. எருமைக்குப் பின்னால் உண்மையில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பையன் கேட்டப்ப என்னா சொன்ன?" என்றார்.

"பழகிடும்னு சொன்னேன்."

"ஒனக்குப் பழகிச்சா?"

அவர் தன் கதையில் ஒரு துண்டை மட்டும் சொன்னார். படையை விட்டு வரும்போது ஒரு டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தூக்கமில்லை என்றால் வந்து பேசு, ஒவ்வொரு வாரமும் வா என்று சீட்டு எழுதிக் கொடுத்தாராம். போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று பயந்து இவர் போகவில்லை. "போயிருக்கணும்டா," என்றார். "போயிருந்தா என் பொண்டாட்டி கடைசி காலத்துல எங்கூட இருந்திருப்பா. ஒம் பையனாவது போகட்டும். இப்பல்லாம் அவுங்களே டாக்டர் வெச்சிருக்காங்களாம், என் பேரன் சொன்னான். வெக்கப்பட வேணாம்னு சொல்லு." நான் இதை உனக்குப் புத்திமதியாகச் சொல்லவில்லை. அந்தச் சீட்டை வாங்கியும் போகாத ஒருவர், சீட்டே வேண்டாம் என்று ஓடிய நான், இரண்டு கிழவர்கள் கெஞ்சிக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள். அந்த டாக்டரிடம் போ. போய் வண்டியிலிருந்து ஆரம்பி. நடுவில் ஆட்டைக் கொண்டுவராதே. சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்.

அம்மா என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்த ஆளு பேரு என்னா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "ஒரு பூச குடுக்கலாம்னா பேரு வேணுமே," என்றாள். அவன் நம் வேதத்துக்காரன் இல்லை என்றேன். "செத்தவங்களுக்கு என்னா வேதம்?" என்று சொல்லிவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். புதிதாக வந்திருக்கும் சின்னச் சாமியார் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யார் ஆன்மாவுக்கு அம்மா என்று கேட்டார்.

"பேரு தெரியாது சாமி," என்றாள் அம்மா. "எங்க வீட்டுக்காரரால செத்தவரு."

சாமியார் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. ஏனோ குனியத் தோன்றவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். மறுநாள் காலைப் பூசையில், ஆண்டவர் மட்டும் பெயர் அறிந்த ஒருவருக்காக என்று வாசித்தார். பூசை முடிந்து வெளியே வரும்போது நிம்மதி வந்தது என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. வந்தது என்று எழுதினால் அது இன்னோர் ஆட்டுக் கதை. ஆனால் ஒன்று நடந்தது. அவன் இதுவரை என்னுடையவனாக மட்டும் இருந்தான். என் தலைக்குள் மட்டும் கிடந்தான். அன்று நம் கோயிலில் ஐம்பது அறுபது பேர் அவனுக்காக எழுந்து நின்றார்கள். யாரென்று தெரியாமலே நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. வண்டி ஓட்டியவருக்கும் ஒரு பூசை கொடுக்கலாமா என்று வழியில் கேட்டேன். "அது அவன் சொல்லட்டும். நீங்களும் நானும் சொல்றதுக்கு அது நம்முளுது இல்ல," என்றாள் அம்மா.

உனக்கு எப்போது சரியாகும் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. நீ செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. சரி என்று எழுதித் தந்தவர்கள் பொய் சொல்லவில்லை, அது அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில். உன் கேள்வி வேறு. சரியாகவே செய்த ஒன்றும் நம்மைத் தூங்கவிடாது என்பதை யாராவது எனக்கு இருபத்திரண்டு வயதில் சொல்லியிருந்தால், நான் கெட்டவன் என்றோ பைத்தியம் என்றோ நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் நடந்திருக்க மாட்டேன். நீ கெட்டவன் இல்லை. உனக்குப் பைத்தியமும் இல்லை. அந்த ஆளை உன்னால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான். மறந்திருந்தால்தான் நான் பயப்படுவேன். அவரை மறக்காமலே குழந்தையைத் தூக்கலாம் மகனே. நான் நாற்பத்தோராம் நாள் உன்னைத் தூக்கினேன். அவன் எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் உன் எடையும் என் கையில் இருந்தது.

இதைத் தபாலில் போடுவதாகத்தான் இருந்தேன். உறையில் பசைகூட தடவியாயிற்று. அம்மா, "தபால்ல போட்டா எப்பப் போயி எப்பப் படிப்பான்? படிச்சிட்டு தனியா இல்ல ஒக்காந்திருப்பான்?" என்றாள். அக்கா புருஷன் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எனக்குப் பிரான்சுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் செல்லுபடியாகிறது, பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன். முன்கூட்டிச் சொன்னால் வர வேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை. உன் அறைக்கு வழி கேட்கிற அளவுக்குப் பிரெஞ்சு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் நேரில் வந்தால் எனக்கு வாய் வராது, அது எனக்குத் தெரியும். பயணம் எப்படி, குளிர் எப்படி என்று ஆரம்பித்து எங்காவது சிரிப்புக் கதைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். அதனால் கதவைத் திறந்ததும் எதுவும் பேசாமல் இந்தத் தாள்களை உன் கையில் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். நீ நின்றபடியே படிப்பாய் என்று நினைக்கிறேன். படித்து முடித்ததும் உடனே ஏதாவது சொல்ல வேண்டும் என்றில்லை. மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பப்பா